அனுப்பின ஊர்

"புது லைன்ல ஒரு தப்புகூட வரலம்மா. அதான் பயமா இருக்குது."

ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் முன் இருக்கைக்காரர் மனைவியிடம் சொன்னார். டெலிபோன் லைன் வேலை போலும்.

"ஃபைபர்ல டேட்டாவைப் பெட்டி பெட்டியா அடைச்சித்தான் அனுப்புவோம். சரக்கு இல்லன்னாலும் பெட்டி போய்க்கினே இருக்கும். காஞ்சிபுரத்துல உக்காந்து பார்த்தேன், வாலாஜாபாத்துலேருந்து எல்லாம் சுத்தமா வந்துது. இன்னிக்குப் பத்து மணிக்கு ஆஸ்பத்திரி போனை அந்த லைனுக்கு மாத்துறாங்க."

"பெட்டி மேல அனுப்பின ஊரு இருக்காதா? கடைக்குப் புடவைப் பார்சல் வந்தா நாங்க அதைத்தான் மொதல்ல பார்ப்போம்."

"இருக்கும்மா. காஞ்சிபுரம்னு இருந்துது."

"நீங்க உக்காந்திருந்ததே காஞ்சிபுரம்தானே?"

அவர் போனைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினார். "டெஸ்டுக்காக, அனுப்புற வயரை அங்கியே வாங்குற பக்கம் திருப்பி உட்டிருந்தேன். அதை எடுக்க மறந்துட்டேம்மா. நான் அனுப்பினதேதான் எனக்கு வந்துக்கினு இருந்துது, வாலாஜாபாத்துலேருந்து எதுவும் வரல. மணி இன்னா?"

"பத்து அஞ்சு."