வலப்பக்கக் கதவு

நால்டோ: இது என்ன மச்சான்?

எராஸ்மோ: கைப்பிடி.

நால்டோ: கைப்பிடின்னு தெரியுது. என் கார்ல அதுக்கு என்ன வேலைன்னு கேக்கறேன்.

எராஸ்மோ: கதவைத் திறக்கும். அழுத்தி இழுத்துப் பாரு. நல்லா வருது.

நால்டோ: விளையாடாதே. நாளைக்குக் கார் கண்காட்சி. செவ்வாய்க்கிழமை வண்டியை உன் பட்டறையில விட்டப்ப என்ன சொன்னேன்? பின்பக்க மட்கார்டுல ஒரு கீறல், அதை மட்டும் பாருன்னேன்.

எராஸ்மோ: பாத்தாச்சு. தடவிப் பாரு, கீறல் எங்க இருந்துச்சுன்னு உன்னாலயே கண்டுபிடிக்க முடியாது.

நால்டோ: கீறல் போச்சு, கைப்பிடி வந்துடுச்சு. போன வருஷம் இதே பட்டறையில இதே கையாலதானே எடுத்தே? ரெண்டு கதவும் முட்டை ஓடு மாதிரி இருந்துச்சு. விட்டியர் ரோட்டுல நிறுத்தினா, வர்றவன் போறவன் எல்லாம் நின்னு, இதுக்குள்ள எப்படிய்யா ஏறுவேன்னு கேப்பான். இப்ப ஸ்டியரிங் இல்லாத வலப்பக்கக் கதவுல மட்டும் மூக்கு மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு நிக்குது. சுத்திலும் சாம்பல் பூச்சு வேற.

எராஸ்மோ: அடிப்பூச்சு அது. சாயங்காலம் மேல சிவப்பு அடிச்சுடறேன்.

நால்டோ: சிவப்பு வேண்டாம். அதைப் பிடுங்கு.

எராஸ்மோ: முடியாது.

நால்டோ: ஏன் முடியாது? எடுத்தவன் நீ, வெச்சவன் நீ. மறுபடி எடு.

எராஸ்மோ: ஸ்குரூவைக் கழட்டிட்டுப் போற வேலைன்னு நினைச்சியா? கைப்பிடிக்குப் பின்னால விரல் போறதுக்கு ஒரு குழி இருக்கு பாரு. போன தடவை அதையே வெட்டி எடுத்துட்டு, அதே கனத்துல தகடு வெட்டி மூடினேன். ஒரே மூச்சுல சுத்திப் பத்தவைக்க முடியாது. சூடு ஏறினா கதவுத் தகடு கல்லுல போட்ட டார்டியா ரொட்டி மாதிரி உப்பிக்கும். இந்தப் பக்கம் ஒரு பொட்டு வெக்கணும், ஈரத்துணி போட்டு ஆறவிடணும், அப்புறம் எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு…

நால்டோ: பாடம் எடுக்காதே.

எராஸ்மோ: கேளு. அப்புறம் உள்பக்கம் இரும்பை அண்டக்கொடுத்து வெளியில தட்டணும். அதுக்கு மேல ஈயம். ஈயம் ஒரு நேரத்துலதான் வெண்ணெய் பதத்துக்கு வரும். அதுக்கு முன்னால கல்லு, அதைத் தாண்டினா தண்ணி. அந்த நேரத்துல கொழுப்புத் தடவின மரக்கட்டையால இழுத்துப் பரப்பணும். ஆறினதும் அரம் போடணும். உன் கதவுல எங்க தகடு முடியுது, எங்க ஈயம் ஆரம்பிக்குதுன்னு எனக்கே தெரியாது. இவ்வளவையும் இந்த வாரம் தலைகீழாப் பண்ணியிருக்கேன். ஈயத்தை உருக்கி வழிச்சேன், தகட்டை வெட்டினேன், காயலான் கடையில உன் மாடல் கதவு ஒண்ணைத் தேடி அதுலேர்ந்து குழியோட…

நால்டோ: யாரு கேட்டா? இவ்வளவு கஷ்டப்பட்டு என் வண்டியைக் கெடுன்னு யாரு கேட்டா உன்னை?

எராஸ்மோ: காலைல என்ன சாப்பிட்டே மாப்பிள்ளை?

நால்டோ: என்னது?

எராஸ்மோ: சாப்பாடு. என்ன சாப்பிட்டேன்னு கேட்டேன்.

நால்டோ: குடல் சூப். செலோ வெச்சா. இப்ப அது எதுக்கு?

எராஸ்மோ: சும்மா கேட்டேன். எங்க அம்மா மாதிரியே வெப்பா. எலுமிச்சம்பழம் பிழிஞ்சியா?

நால்டோ: பிழிஞ்சேன். பேச்சை மாத்தாதே.

எராஸ்மோ: சட்டை ஏன் இப்படிக் கசங்கியிருக்கு?

நால்டோ: உன் தங்கச்சி நாளைக்குப் போடற சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டு இருக்கா. இது பட்டறைக்குப் போடற சட்டை. போதுமா? கைப்பிடிக்கு வா.

எராஸ்மோ: வர்றேன். கதவைத் திறக்கற பொத்தான் எங்க இருக்கு?

நால்டோ: உனக்குத் தெரியாதா? நீதானே பதிச்சே. முன் சக்கரத்துக்கு மேல, மட்கார்டு விளிம்புக்கு உள்ளே.

எராஸ்மோ: எனக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியும்?

நால்டோ: யாருக்கும் தெரியக் கூடாது. அதுதானே விஷயம். எங்க கார் சங்கத்துல எல்லாரும் அப்படித்தான் வெச்சிருக்கோம். ஒருத்தன் வாயைத் திறந்தா மறுநாள் வண்டி இருக்காது.

எராஸ்மோ: உங்க தலைவன் ஹிலாரியோவுக்கு?

நால்டோ: அவன் தலைவன். சொல்லித்தான் ஆகணும்.

எராஸ்மோ: எதிர்வீட்டு டிமோட்டியோ?

நால்டோ: பாட்டரி இறங்கினா ஒருத்தனாவது வந்து உதவணுமே… கதவுக்குள்ள அந்தச் சுருளுக்குக் கரண்டு போனாத்தான் அது தண்டை இழுக்கும், தண்டு கொக்கியை இழுக்கும். கரண்டு இல்லேன்னா அடியில இருக்கற கம்பியை இழுக்கணும். நீ சொல்லிக்குடுத்ததுதான்.

எராஸ்மோ: சரியாச் சொன்னே. செலோவுக்கு? ஹிலாரியோவுக்குத் தெரியும். டிமோட்டியோவுக்குத் தெரியும். உன் வீட்டுல இருக்கறவளுக்குத் தெரியாது.

நால்டோ: அவளுக்கு எதுக்கு? நான் கூட இருந்து திறந்துவிடறேன். ராணி மாதிரி ஏறி உக்காந்துட்டு வர்றா.

எராஸ்மோ: ராணி. மார்க்கெட் வாசல்ல ஐஸ்கிரீம் டப்பாவைக் கையில வெச்சுக்கிட்டு, நீ அந்தப் பசங்களோட கதை பேசி முடிக்கிற வரைக்கும் நிப்பாளே, அந்த ராணியா? கோயில்ல பூசை முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் கதவுக்கு முன்னால வேலைக்காரி மாதிரி நிப்பாளே, அந்த ராணியா?

நால்டோ: ஒரு தடவை ரெண்டு தடவை நடந்திருக்கும். என்கிட்ட அவ ஒண்ணும் சொன்னதில்லையே.

எராஸ்மோ: போன சனிக்கிழமை?

நால்டோ: அதை எடுக்காதே.

எராஸ்மோ: எடுப்பேன். நீ ஹிலாரியோ வண்டியில கூட்டத்துக்குப் போயிட்டே. உன் மக ஃபெலி படிக்கட்டுலேர்ந்து விழுந்து கையை உடைச்சுக்கிட்டா. வண்டி வாசல்ல நிக்குது. சாவி செலோ கையில. எங்க அப்பா லாரியை அவ பதினஞ்சு வயசுல ஓட்டினவ. ஓட்டத் தெரியும், சாவி இருக்கு, வண்டி இருக்கு, உள்ளே போக வழி இல்ல.

நால்டோ: எனக்கென்ன தெரியும் விழுவான்னு…

எராஸ்மோ: ரோட்டுல மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில கையை விட்டுத் தடவியிருக்கா. பம்பருக்குப் பின்னால, கதவுப் படிக்குக் கீழே, எல்லா இடமும். எதிர்வீட்டுப் பசங்க சுத்தி நின்னு வேடிக்கை பாத்திருக்கு. டிமோட்டியோவும் அன்னிக்கு உங்களோடதான் கூட்டத்துல.

நால்டோ: கண்ணாடியை உடைச்சிருக்கலாம். நான் என்ன சொல்லியிருப்பேன்? என் குழந்தைக்காக ஒரு கண்ணாடி…

எராஸ்மோ: கல்லை எடுத்திருக்கா.

நால்டோ: எடுத்தாளா?

எராஸ்மோ: எடுத்து ஓங்கியிருக்கா. உன் மூஞ்சி ஞாபகத்துக்கு வந்துச்சாம். கீழே போட்டுட்டா. குழந்தையைத் தூக்கிக்கிட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தா. பஸ் குலுங்கும்போதெல்லாம் ஃபெலி எப்படிக் கத்தினான்னு தெரியுமா உனக்கு?

நால்டோ: ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன். தெரிஞ்ச நிமிஷம் ஓடி வந்தேன். அவ திரும்பிக்கூடப் பாக்கல.

எராஸ்மோ: வந்து என்ன கேட்டே? முதல்ல என்ன கேட்டே?

நால்டோ: ஞாபகமில்ல.

எராஸ்மோ: வண்டி எங்கன்னு கேட்டே.

நால்டோ: எப்படி வந்தீங்கன்னு கேட்டேன்… வண்டியிலயா வந்தீங்கன்னு. பதட்டத்துல வந்துடுச்சு. இதெல்லாம் யாரு சொன்னா உனக்கு?

எராஸ்மோ: அவதான்.

நால்டோ: எப்ப?

எராஸ்மோ: ஃபோன்ல.

நால்டோ: ஃபோன்ல. சரி, ஃபோன் பேச்சு வந்துடுச்சு, நானும் ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு அவ முதல்ல யாருக்கு ஃபோன் பண்ணினா?

எராஸ்மோ: இந்த ஓரத்துல இன்னும் கொஞ்சம் அரம் போடணும்.

நால்டோ: என்ன, அரத்தை எதுக்கு எடுக்கறே? வேலை இல்ல அங்க. கீழே வை. ஆஸ்பத்திரியில நர்ஸ்கிட்ட அவ சொல்லிக்கிட்டு இருந்தது என் காதுல விழுந்துச்சு. கடைத்தெரு மருந்துக்கடையிலேர்ந்து உனக்குத்தான் பண்ணியிருக்கா. வயரை இழுத்தவன் நீ. பொத்தானைப் பதிச்சவன் நீ. என்னைக் கூட்டிவெச்சுத் திட்டறியே, நீ என்ன சொன்னே அவகிட்ட?

எராஸ்மோ: அவ ஃபெலி விழுந்ததைச் சொல்லல.

நால்டோ: நீ சொல்ல விட்டியா?

எராஸ்மோ: கட்டையில ஈயம் பதத்துல இருந்துச்சு. ஒரு நிமிஷம் விட்டா வழிஞ்சுடும். பொத்தான் எங்க இருக்குண்ணேன்னு கேட்டா. உன் புருஷனைக் கேளுன்னு சொல்லி ஃபோனை வெச்சுட்டேன்.

நால்டோ: ஏன்?

எராஸ்மோ: ஏன்னா… உனக்கு வாக்குக் குடுத்திருந்தேன். என்கிட்ட வர்ற எல்லாருக்கும் குடுக்கறதுதான். பொத்தான் இடத்தைப் பட்டறைக்காரன் சொன்னான்னு பேர் வந்தா அப்புறம் ஒருத்தன் வண்டி கொண்டுவர மாட்டான்.

நால்டோ: கூடப் பொறந்தவளுக்குக்கூடவா?

எராஸ்மோ: கட்டினவளுக்கே சொல்லாதவன் கேக்காதே அதை.

நால்டோ: கேப்பேன். நான் மறந்தேன், நீ மறுத்தே. எது மோசம்? இதுல நீ எனக்கு உபதேசம் பண்றே, என் கதவுல ஓட்டை போட்டு.

எராஸ்மோ: அதனாலதான் போட்டேன்.

நால்டோ: உன் மனசு ஆறறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா? நாளைக்கு எல் மான்டே கண்காட்சியில அத்தனை பேரும் சிரிப்பான். நால்டோவுக்குப் பாதிதான் கட்டுப்படி ஆச்சு போலன்னு ஹிலாரியோவே ஆரம்பிப்பான்.

எராஸ்மோ: சிரிக்கட்டும். யாராவது கேட்டா என் பொண்டாட்டிக்கு வெச்சதுன்னு சொல்லு. வாயை மூடிப்பான்.

நால்டோ: சங்கத்துல எவன் வண்டியிலயும் இல்லாத ஒண்ணு…

எராஸ்மோ: எவன் பொண்டாட்டியும் வண்டிக்கு அடியில படுத்துத் தேடல. தேடியிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. சரி, உன் வழிக்கே வர்றேன். அவளே வந்து எடுன்னு சொன்னா இப்பவே வெட்டறேன். உங்க வீடு ரெண்டு தெருதானே. போய்க் கூட்டிட்டு வா.

நால்டோ: இஸ்திரி போட்டுக்கிட்டு இருக்கா.

எராஸ்மோ: இஸ்திரியை வெச்சுட்டு வரச் சொல்லு.

நால்டோ: ஃபெலி தூங்கறா.

எராஸ்மோ: நான் போய்த் தூக்கிட்டு வர்றேன். உன் வீட்டுச் சாவியைக் குடு.

நால்டோ: வேண்டாம் மச்சான்.

எராஸ்மோ: குடு.

நால்டோ: வேண்டாம்னு சொல்றேன்ல.

எராஸ்மோ: குடல் சூப் யாரு வெச்சா நால்டோ?

நால்டோ: யாரும் வெக்கல. ரெண்டு நாளா ரொட்டிதான். அவ வீட்டுல இல்ல. புதன்கிழமை வேலைக்குப் போயிட்டுத் திரும்பி வந்தேன், ஃபெலி துணியெல்லாம் காணோம். கேட்டா அசிங்கம்னு யார்கிட்டயும் கேக்கல. உன்கிட்ட எப்படிக் கேப்பேன்? உன் தங்கச்சியை நான் தொலைச்சுட்டேன்னா?

எராஸ்மோ: அதான் கண்காட்சி கண்காட்சின்னு வந்து குதிச்சியா.

நால்டோ: வேற என்ன பேசறது? அவளுக்கு உன்னைத் தவிர யாரு இருக்கா… உன் வீட்டுலதானே இருக்கா?

எராஸ்மோ: என் வீட்டுலதான்.

நால்டோ: புதன்கிழமையிலேர்ந்தா? நான் குடல் சூப்புன்னு சொன்னப்ப எலுமிச்சம்பழம் வரைக்கும் கேட்டியேடா, பாவி.

எராஸ்மோ: நீ எங்க வரைக்கும் போறேன்னு பாத்தேன்.

நால்டோ: ஃபெலி எப்படி இருக்கா?

எராஸ்மோ: மாவுக்கட்டுல பூ வரைஞ்சுக்கிட்டு இருக்கா. தூங்கறப்ப மட்டும் அழறா.

நால்டோ: செலோ?

எராஸ்மோ: என் வீட்டுக்காரிகூடப் பேசறா. குழந்தையோட பேசறா. சமைக்கிறா.

நால்டோ: சரி… சரி மச்சான். கைப்பிடி இருக்கட்டும். சிவப்பு அடிச்சுடு. நாளைக்குக் கண்காட்சிக்கும் போகல, ஹிலாரியோ என்ன வேணாலும் சொல்லிக்கட்டும். நீ கூட வந்து, பாரு, உன் கதவுக்குக் கைப்பிடி வெச்சாச்சு, யாரையும் கேக்காம நீயே திறந்து ஏறிக்கலாம்னு சொல்லு. நீ சொன்னா கேப்பா.

எராஸ்மோ: நான் சொன்னா கேக்க மாட்டா. நேத்து ராத்திரியிலேர்ந்து என்கூடப் பேச்சே இல்ல.

நால்டோ: அந்த ஃபோனுக்காகவா?

எராஸ்மோ: அதுக்கு அழுது தீத்துட்டா. கைப்பிடியை அவதான் கேட்டா மாப்பிள்ளை, ஆனா இந்தப் பக்கம் இல்ல. இடப்பக்கம், ஸ்டியரிங் இருக்கற பக்கக் கதவுல வெச்சுக்குடுண்ணேன்னு கேட்டா. உன் பக்கத்தைத் தொட்டா நீ தாங்க மாட்டேன்னு, அவளுக்கு இது போதும்னு நானே முடிவு பண்ணி வலப்பக்கம் வெச்சுட்டேன்.