மூடி மேடத்துக்கு எங்கள் வணக்கம்

கண்ணாடிக் குடுவைக்கும் கலங்கிய பிள்ளைக்கும் ஒரே கனிவோடு காவல் நின்று, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் வேதியியல் பேராசிரியையே! அமிலங்களோடு நெடுங்காலம் பழகியும் அன்பை அரிக்கவிடாத அம்மையாரே! வணக்கம்.

சோதனை முடிந்தது, கிளம்பலாம் என்று நாங்கள் கைகழுவும் வேளையில்தான் தங்கள் பாடம் தொடங்கும். "எது எந்த பாட்டிலுக்குன்னு தெரியாம ஒரு சொட்டுகூட ஊத்தாதே!" அமிலத்துக்கு ஒன்று, கரைப்பானுக்கு ஒன்று, உலோகக் கழிவுக்கு ஒன்று என்று நிறுத்திவைத்து, பெயர் ஒட்டாத பாட்டிலில் பச்சைத் தண்ணீர்கூட விடமாட்டீர்கள். ஊற்றியதும் இறுக மூடச் சொல்லி ஓயாமல் நச்சரித்ததால் மாணவர்கள் சூட்டிய பட்டம், 'மூடி மேடம்'.

"வீட்டுலயும் இதே பாடுதான் சார், உப்பு டப்பாவுலகூட பேரும் தேதியும் ஒட்டியிருக்கு" என்று தங்கள் கணவர் எங்களிடம் புலம்பினார். "ஒட்டுறதுக்கு முன்னாடி காபியில உப்பு போட்டது யாராம்?" என்று திருப்பிக் கேட்டீர்கள் தாங்கள்!

அந்தப் பட்டத்துக்கே ஒருநாள் சோதனை வந்தது. முதலாண்டு மாணவி ஒருத்தி பெராக்சைடு கழிவைத் தனிப் பாட்டிலில் ஊற்றி, தாங்கள் சொன்னபடியே இறுக மூடிவிட்டாள். உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் உப்பத் தொடங்கியது. அவள் நழுவிவிடவில்லை. "மேடம், பாட்டில் உப்புது!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தாள். "யாரும் தொடாதீங்க, வெளியே போங்க!" என்று எல்லோரையும் அனுப்பிவிட்டு, கடைசியாகத் தாங்கள் கதவைச் சாத்தவும் அது வெடிக்கவும் சரியாக இருந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

விசாரணைக் குழுவோ அவளைக் கல்லூரியை விட்டே அனுப்பிவிடத் துணிந்தது. தாங்கள் எழுந்தீர்கள். "மூடுன்னு சொன்னது நான். எதை இறுக்கி மூடக்கூடாதுன்னு சொல்லாம விட்டதும் நான்தான். ஓடிவந்து சொன்ன பிள்ளைய வெளியே அனுப்பினா, அடுத்த பிள்ளை வாயே திறக்காது. அன்னைக்குக் கதவைச் சாத்த நேரம் இருக்காது."

குழு முடிவை மாற்றியது, அவள் படிப்பு பிழைத்தது. காற்றுப் போக்கி வைத்த மூடிகள் வந்தன. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் தங்கள் முதல் வகுப்பு, "முதல்ல நான் பண்ண தப்பைக் கேளுங்க" என்றே தொடங்கியது.

அம்மையாரே! மூடிகளை இனி எங்களிடம் விட்டுவிடுங்கள். வரும் நாள்களுக்கேனும் சீட்டு ஒட்டாமல், உப்பில்லாக் காபியும் ஊடலும் குறையாமல், தாங்களும் தங்கள் கணவரும் நலம் பெருகி நெடிது வாழ்க!

இம்மடலை வாசிப்பவர் யாரென்று தாங்கள் அறிவீர்கள். வேதிக் கழிவு அறையின் சாவி நாளை முதல் அவரிடம்தான். சட்டமிட்ட இந்த மடலைத் தங்களிடம் நீட்டும், அன்று அந்தப் பாட்டிலை மூடிய அவருடைய கைகளைச் சற்றே பாருங்கள் அம்மா. ஒரு தழும்பும் இல்லை.

மாறா அன்புடன்,
வேதியியல் துறை ஆசிரியர்களும் ஆய்வகப் பணியாளர்களும்