உலராத கிண்ணம்

எனக்குப் பாத்திரம் கழுவுவது பிடிக்கும், டாக்டரம்மா. கோரமண்டல் சுரங்கக் காலனியில் என்னைப்போலத் துலக்கும் ஆண்பிள்ளை கிடையாது. என் தேக்சாவில் முகம் பார்த்துத்தான் எங்கள் லைன் வீடுகள் முழுக்கச் சவரம் செய்துகொண்டது. அதனால் மனைவி லூயிசா கண்மூடியபிறகு, மகள் லவினாவின் நெபுலைசர் கிண்ணமும் என் கைக்கு வந்தது.

அவளுக்குப் பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நெஞ்சில் சளி கோந்தாக இறுகும். மருந்து இழுக்கும் கிண்ணத்தைக் கொதித்தாறிய தண்ணீரில் அலசி, ஈரமில்லாமல் உலர்த்தச் சொன்னீர்கள்.

முதலில் நடந்தது அறியாமை. நான் சுரங்கத்தில் டிரில் பிடித்தவன். தண்ணீர் விட்டுத் துளைத்தவன் பிழைத்தான். வறண்ட தூசியைத் தின்றவன் நாற்பதில் போனான். ஈரம்தான் எங்களுக்கு உயிர். சுரங்கக் கழிவு கொட்டிய சயனைடு மேட்டுத் தூசி கிளம்பினால் ஜன்னலுக்கு நனைத்த கோணி கட்டுவேன். கிண்ணத்தையும் ஈரத்துணியில் பொதிந்து வைத்தேன்.

அவள் நெஞ்சில் கிருமி வந்தது. நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள். ஈரத்தில் சும்மா நீந்தித் திரிவது, காற்றுக் குறைந்த கெட்டிச் சளிக்குள் போனதும் இடமறிந்து குணம் மாறும். ஓட்டத்தை நிறுத்தி, கோழையைப் போர்த்திக்கொண்டு குடித்தனம் நடத்தும். பிறகு மருந்து எட்டாது. நன்றாகவே புரிந்தது. கேஜில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கினால் நாங்களும் வேறு ஆட்கள்தான்.

கோணியை அவிழ்த்தேன், கிண்ணத்தை உலர்த்தினேன். மூன்று மாதத்தில் தேறினாள். பெங்களூரில் வேலை கிடைத்தது.

"ஒண்ணாந்தேதி ஹாஸ்டல்ல சேர்றேன் டாடி. நீங்க இன்னா, சின்னக் கொழந்தையா? சமாளிச்சுக்குவீங்க."

நானும் சிரித்தேன். லூயிசா போனதிலிருந்து ஏழு வருஷம் மகளின் இருமலுக்கு எழுந்து பழகிய உடம்பு இது. இருமல் நின்றபிறகுதான் தூக்கம் போயிற்று. களைத்துப்போயிருந்தேன். மறுநாளிலிருந்து மறுபடி ஈரத்துணி. எதையும் கலக்கவில்லை, டாக்டரம்மா. உலர்த்தவில்லை, அவ்வளவுதான்.

நாலு வாரத்தில், அவள் கிளம்பும் முன்பே, இருமல் திரும்பியது. வேலை வேறொருத்திக்குப் போனது. ஒரே ஒருமுறை கேட்டாள்: "கிண்ணத்த ஒழுங்கா காய வைக்கறீங்க இல்ல, டாடி?"

"தினமும்மா" என்றேன். நம்பினாள்.

இப்போது ஆக்சிஜனில் இருக்கிறாள். நான் சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நேற்று மாஸ்க்கை விலக்கி அவள் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள்.

"நீங்க மட்டும் இல்லாட்டி நான் இன்னா ஆயிருப்பேன், டாடி?"

அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.