அருள்தாஸுக்குப் பத்து நிமிடம்

மூல நிரலிலிருந்து ஓர் ஆப்பை உருவாக்கப் பொறுமைதான் வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. என் பழைய லேப்டாப்பில் அதற்கு நாற்பது நிமிடம் பிடிக்கும். அதற்குள் ஜெபமாலையைச் சொல்லி முடித்து, கடையையும் கூட்டிவிடுவேன்.

நான் சந்தனசாமி. சொந்த ஊர் ஆவூர். கீரனூரில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். என்னோடு படித்த அருள்தாஸ் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். அவன் மனைவி மரிய செல்வி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். அந்த நாட்டில் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், பேச முடியாது. பேசுவதற்கு, தடையைச் சுற்றி வழி திறந்துவிடும் விபிஎன் வேண்டும். இலவசமாகக் கிடைப்பவற்றில் பல, ஆட்களின் விவரங்களை விற்பவை. அதனால் எல்லோரும் பார்க்கும்படி நிரலைத் திறந்து வைத்திருக்கும் ஒரு விபிஎன்னை எடுத்து, நானே ஆப்பாக உருவாக்கி, கேட்ட குடும்பங்களுக்கெல்லாம் சும்மாவே போட்டுக் கொடுத்தேன்.

மரிய செல்விக்கு அந்த நிரலைத் திரையில் காட்டினேன்.

“என்னண்ணே, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு.”

“ஒளிவு மறைவே இல்லம்மா. யாரு வேணாலும் படிச்சுப் பாக்கலாம்.”

“நீங்க படிச்சாப் போதும், நாங்க படிச்ச மாதிரிதான்.”

அப்படித்தான் ஆனது. இணையத்தில் திறந்து கிடக்கும் நிரல் வேறு, அதிலிருந்து நான் உருவாக்கி அவர்கள் போனில் போட்டது வேறு. நடுவில் நான் எதைச் சேர்த்தாலும் கண்டுபிடிக்க இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை.

போன தவக்காலத்தில் அவள் அழுதுகொண்டு வந்தாள். “பத்து நிமிசம் நல்லாத்தாண்ணே பேசுறாரு. அதுக்கு மேல போனா எங்கிட்டாவது இழுத்து சண்டையில கொண்டாந்து விட்டுர்றாரு.”

எனக்கு மனசு தாங்கவில்லை. வேண்டிக்கொண்டு நான்கு வரிகள் சேர்த்தேன். அருள்தாஸுக்கு ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். அதன் பிறகு வழி மூடிக்கொள்ளும். அவன் மறுபடி முயன்றால் என் திரையில் தெரியும். அவசரத்துக்குத் திறந்துவிட என்னிடம் ஒரு பொத்தான். புது வெர்ஷன் என்று சொல்லி அனுப்பினேன். அங்கே நெட் மோசம் என்று இருவரும் நம்பிவிட்டார்கள்.

ஈஸ்டருக்குக் கேக் கொண்டுவந்தாள். “இப்பல்லாம் சண்டையே இல்லண்ணே. பேச நேரமிருந்தாத்தானே சண்டை போட” என்று சிரித்தாள். அன்று பூசையில் நான் நிறைவோடு நின்றேன்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை. காலையிலேயே அவனுடைய பத்து நிமிடம் தீர்ந்திருந்தது. மதியம் இரண்டரை மணிக்கு மறுபடி முயன்றான். மூன்றேகால் வரை பத்தொன்பது முறை. காலையில் விட்ட சண்டையைத் தொடரப் பார்க்கிறான் என்று நினைத்தேன். பொத்தான்வரை கையைக் கொண்டுபோனேன், பிறகு எடுத்துவிட்டேன். அவன் கோபம் தணிய ஓர் ‘அருள் நிறைந்த மரியே’ சொன்னேன்.

அவன் அவளுக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறான்: ‘லைன் கிடைக்கல. நாளைக்குப் பேசுறேன்.’ அவள் ‘சரி’ என்று போட்டிருக்கிறாள்.

தலைவலி என்றாலும் அவளிடம் கேட்டுத்தான் அவன் மாத்திரை போடுவான். அன்று அறையில் அவனோடு தங்கியிருந்தவர் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோது, இடது கையைத் தேய்த்துக்கொண்டே, “செல்விகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேன்” என்றானாம். அவர் வேலைக்குப் போய்த் திரும்பி வந்தபோது உடல் குளிர்ந்திருந்தது.

அடக்கத்தன்று மரிய செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “எடது கைன்னு மட்டும் சொல்லியிருந்தா ஓடுங்கன்னு சொல்லியிருப்பேனேண்ணே. பாழாப்போன நெட்டு.” நான் தலையாட்டினேன். அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

நெட் நன்றாகத்தான் இருந்தது, ஐயா. நான்தான் மூடி வைத்திருந்தேன். பத்தொன்பது முறையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வரிகளை எடுத்துவிடச் சொல்கிறீர்கள். நீங்கள் எடுத்து வைத்திருக்கும் என் லேப்டாப்பைக் கொடுங்கள், எடுத்துவிடுகிறேன். என்னிடம் ஆப் வாங்கிய ரம்யா என்ற பெண்ணின் வீட்டுக்கு வைத்த பதினைந்து நிமிடம் மட்டும் அப்படியே இருக்கட்டும். புதிதாகக் கல்யாணமானவர்கள், கொஞ்ச நாளாக அவர்களுக்குள் சரியில்லை.