அம்பத்தேழு மில்லி

— கையெழுத்துப் போடாத மாப்ள. சொன்னாக் கேளு.

— போட்டாச்சு மாமா. பைக் ரேஸ் முடிஞ்சு அரை மணி நேரத்துக்குள்ள புகார் குடுக்கணும். குடுத்துட்டேன்.

— ஈஸ்வரு, இன்னும் நேரமிருக்கு. போயி திருப்பி வாங்கிட்டு வந்துரு.

— எதுக்கு வாங்கணும்? பதினோரு ரேஸ். பதினொண்ணுலயும் பைரவா டீமுதான். ரெண்டு வருசமா வேற ஒருத்தனும் ஜெயிக்கல. இந்த எரியோட்டுப் பொட்டல்ல டீ ஆத்துறவருக்குக்கூடத் தெரியும், அவனுக எஞ்சின்ல கள்ள வேலை பாத்திருக்கானுகன்னு.

— டீ ஆத்துறவரு கழட்டிப் பாத்தாராக்கும்?

— கழட்டத்தான் புகார். சிலிண்டர் உள்வட்டம் அம்பத்தேழு மில்லிதான் இருக்கணும். அவனுக அறுவதுக்குக் கொடஞ்சிருப்பானுக, அதான் அந்த இழுவை.

— அறுவதுக்குக் கொடஞ்சா சுவரு தாங்காதுப்பு. மெலிஞ்சு போகும். நாலு சுத்துல சூடேறி பிஸ்டன் இறுக்கிப் பிடிச்சுக்கிரும். பின் சக்கரம் அப்படியே நிக்கும். அம்புட்டுத்தான்.

— அவனுகளுக்கு நிக்காது. நமக்குத்தான நின்னுச்சு? எங்கண்ணன் எப்படிச் செத்தான் மாமா? திருட்டு வண்டிய நேர் வண்டி தொரத்துச்சு. எட்டல எட்டலன்னு விரட்டுனான். வெந்துபோயி ஜாம் ஆச்சு. அழகுராஜாவக் கொன்னது அவனுகதான்.

— ம்.

— என்ன ‘ம்’? அந்தா தெரியுதே புளியமரத் திருப்பம், அங்கன உங்க மடியிலதான அவன் உசிரு போச்சு. எங்கம்மாவுக்குக் கூடப்பொறந்த தம்பி நீங்க, அவன் வண்டிக்கு மெக்கானிக்கும் நீங்கதான். உங்களுக்குக் கோவம் வர வேணாமா?

— எல்லாம் வரும்.

— வரும்னு சொல்லிட்டுத் தரையவே பாத்துக்கிட்டு இருந்தா? கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. அவனுக ஏதாச்சும் குடுத்து வாய அடைச்சுட்டானுகளா?

— ஏலே!

— பின்ன ஏன் நிறுத்தச் சொல்றீங்க?

— வாய மூடு. பாலிடெக்னிக்கு டீச்சரம்மா வருது.

— ஈஸ்வர் நீங்கதான தம்பி? நான் சகாயசெல்வி. வண்டி சோதனைக்கு நான்தான் வந்திருக்கேன். நீங்க கேட்டபடி பைரவா வண்டியக் கழட்டி அளந்தாச்சு.

— எம்புட்டு மேடம்?

— அம்பத்தேழு.

— இருக்காது.

— மூணு எடத்துல அளந்தேன். மயிரிழை கூடல. பிஸ்டன், கார்புரேட்டர் எல்லாம் கம்பெனியில வந்தபடியே இருக்கு. போன வருசம் உங்கண்ணன் விழுந்தாரே, அன்னிக்கும் ஜெயிச்ச வண்டிய நான்தான் கழட்டுனேன். அன்னிக்கும் அம்பத்தேழு.

— அப்புறம் எப்படி மேடம் ஜெயிக்கிறானுக?

— திருப்பத்துல போயி நின்னு பாருங்க. நீங்க பிரேக் பிடிக்கிற எடத்தத் தாண்டி பத்தடி போயித்தான் அவங்க பிடிக்கிறாங்க. ஒரே திருப்பத்த நாள் பூரா ஓட்டிப் பழகுறாங்க. வேற ரகசியம் ஒண்ணும் இல்ல.

— எங்கண்ணனும் திருப்பத்துல விட்டுருவான் மேடம். ஆனா நேர்ப்பாதையில பிடிச்சுருவான். சர்ருன்னு தாண்டிப் போவான், கூட்டமே எந்திரிச்சு நிக்கும். அதே வண்டியத்தான் நான் ஓட்டுறேன். எனக்கு அந்த இழுவை வரல. எங்கையிலதான் கோளாறு போல.

— நேர்ப்பாதையில தாண்டுவாரா? பைரவா வண்டியவா?

— அதான் அளந்தாச்சுல்ல டீச்சரம்மா. நாங்க கெளம்புறோம். மாப்ள, வண்டிய ஏத்து.

— இருங்கண்ணே. புகார் குடுத்தா ரெண்டு வண்டியையும் கழட்டணும். அதான் விதி.

— தாராளமாக் கழட்டுங்க மேடம். நாங்க ஒளிக்க என்ன இருக்கு? மாமா, அந்த ஸ்பேனரக் குடுங்க. மாமா! நானே எடுத்துக்கறேன், விடுங்க.

— மெதுவா தம்பி, ஹெட் சுடும். ம்... தள்ளுங்க, வெளிச்சம் படட்டும். அம்பத்தேழு. சரியா இருக்கு.

— கேட்டுக்கிட்டீங்களா மாமா? இதுக்குப் போயி பயந்தீங்க.

— ஆனா இந்த சிலிண்டர் பிளாக் புதுசா இருக்கே?

— அண்ணன் விழுந்த மறுவாரமே மாமா மாத்திட்டாரு மேடம். பழசுதான் ஜாம் ஆயிருச்சே.

— அன்னிக்கு உங்க வண்டிய அளக்கணும்னு யாருக்கும் தோணல. ஆளே போனப்புறம் அளந்து என்னன்னு விட்டுட்டோம். பழசு எங்கண்ணே, உங்க கடையில கெடக்கா?

— அது எங்க வீட்டுல இருக்கு மேடம், ஆத்தூர்ல. எடைக்குப் போட்டுருவோம்னு மாமாவும் மாசத்துக்கு ஒருக்கா வந்து கேக்குறாரு. எங்கம்மா தரல. அண்ணன் போட்டோவுக்குக் கீழ வச்சிருக்கு. எங்க காட்டுல பறிக்கிற மல்லிகையில மொதக் கை அதுக்குத்தான். அவன் உசிரு இருக்கயில கடைசியாச் சூடா இருந்தது அதுதானாம்.

— அதக் கொண்டு வர முடியுமா தம்பி?

— எதுக்கு மேடம்?

— நேர் வண்டின்னு சொல்றீங்கல்ல. அளந்து எழுதிக் குடுத்துட்டா உங்க மனசுக்கு ஒரு ஆறுதல்.

— பொழுதுக்குள்ள கொண்டு வாரேன் மேடம். அவனுக நேர்னா நேராவே இருந்துட்டுப் போகட்டும். எங்கண்ணனும் நேர்தான்னு ஒரு தாள் வேணும். மாமா, வேன் சாவி. ஏன் மடியில முடிஞ்சுக்கிறீங்க?

— அது பூவுக்குள்ளயே கெடக்கட்டும் மாப்ள.

— ஒரு நாள்தான மாமா, நாளைக்கே திருப்பி வச்சிருவோம். அம்மாவுக்கு நான் சொல்லிக்கறேன். நம்ம புள்ள அம்பத்தேழுலதான் ஓட்டுனான்னு அது காதுல விழ வேணாமா? சாவியக் குடுங்க.

— அளக்க வேணாம்யா. அறுவது.