மூன்றாம் படுக்கையின் கிளிப்

கம்ப்யூட்டர் நின்றுபோனால் உடனே ஆஃப் பண்ணி ஆன் பண்ணுகிறவர்களை எனக்குப் பிடிக்காது, சார். எதனால் நின்றது என்று காட்டும் தடயமெல்லாம் அதோடு அழிந்துபோகும். நான் அடுகோடியில் ஒரு கம்பெனியில், மற்றவர்கள் எழுதிய நிரல்களில் பிழை தேடுகிறவன். பொறுமைதான் எனக்குச் சோறு போடுகிறது.

ஜீவனஹள்ளியில் எங்கள் பின்தெருவில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். அங்கே நோயாளிகளின் விரலில் மாட்டிய கிளிப்புகள் ஆக்சிஜன் அளவை சிஸ்டர் மேஜையில் இருக்கும் திரைக்கு அனுப்பும். அளவு குறைந்தால் திரையிலிருந்து மணி அடிக்கும். கிளிப்புக்கென்று தனி மணி கிடையாது. நிரல் ஓப்பன் சோர்ஸ்; முகம் தெரியாத யார் யாரோ இலவசமாக எழுதிக் கொடுத்தது. அது அடிக்கடி நின்றுபோகிறது என்று கேள்விப்பட்டு நானாகத்தான் போனேன். காசு வாங்கவில்லை.

அங்கிருந்த சிஸ்டர் குளோரியா நல்ல பெண், ஆனால் அவசரக்காரி. "நோயல் அண்ணா, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா ஓடுதே, அப்படியே விட்டுடலாமே?" என்பாள். அவளிடம் விளக்கிப் பயனில்லை.

ஐந்தாம் படுக்கையில் பெட்டி ஆன்ட்டி. நிமோனியா. எங்கள் எதிர்வீடு, என் கல்யாணத்துக்கு கேக் செய்து கொடுத்தவர்கள். என்னைப் பார்த்தாலே, "என்னப்பா, உன் டிவி இன்னும் ரெடி ஆகலையா? சீரியல் எப்ப வரும்?" என்று கிண்டல் பண்ணுவார்கள். எனக்கு அவர்களை ரொம்பப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முன்பின் தெரியாத நிரல் என்பதால் படித்து முடிக்கவே நாளானது. ஒருவருடைய கிளிப் கழன்றால், நினைவகத்தில் அவருக்கு ஒதுக்கிய இடத்தை நிரல் காலி செய்துவிடும். அதே நேரத்தில் வேறொருவருக்கு மணி அடிக்க வேண்டி வந்தால், காலியான அந்த இடத்தில் போய்த் தேடும். காலி செய்த வாடகை வீட்டில் பழைய ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. அங்கேதான் நிரல் விழுகிறது, அதாவது நின்றுபோகிறது என்று ஊகித்தேன். ஆனால் எங்கள் வேலையில் ஊகம் செல்லாது. பிழையை ஒரு தடவையாவது வரவழைத்துக் கண்ணால் பார்க்க வேண்டும்.

மதியம் கண் அயர்ந்தால் ஆன்ட்டிக்கு அளவு இறங்கும். மணி கேட்டதும் குளோரியா ஓடிவந்து நிமிர்த்தி உட்காரவைத்து ஆக்சிஜனைக் கூட்டுவாள். ஏறிவிடும். மூன்றாம் படுக்கையில் இருந்த கிளெமென்ட் குணமாகி, வீட்டுக்குப் போகக் காத்திருந்தவர். அன்றைக்கு ஆன்ட்டியின் எண் இறங்கத் தொடங்கியதும் நான் எழுந்து போய், தூங்கிக்கொண்டிருந்த கிளெமென்ட்டின் விரலிலிருந்து கிளிப்பை எடுத்தேன். அவருக்கு ஒரு கெடுதலும் இல்லை. கேட்டுப் பாருங்கள்.

நிரல் விழுந்தது, நான் நினைத்த அதே இடத்தில். சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன். விழும்போது அதை அப்படியே பிடித்து நிறுத்தும் கருவியை முன்பே இணைத்திருந்தேன். அதனால் பழைய எண்கள் திரையில் அசையாமல் நின்றன. குளோரியா எட்டிப் பார்த்து, "இன்னிக்கு ஆன்ட்டி நல்லா தூங்கறாங்க" என்று சொல்லிவிட்டு மருந்து எடுக்கப் போனாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆஃப் பண்ணியிருப்பாள்.

கர்ட்டனுக்குப் பின்னால் கட்டில் ஆடுகிற சத்தம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. வேண்டியதையெல்லாம் படித்து, சேமித்த பிறகுதான் நிரலை மறுபடி ஓடவிட்டேன். அதற்குள் ஆன்ட்டி போய்விட்டிருந்தார்கள்.

கவனக்குறைவு என்று குளோரியாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அது நியாயமில்லை. அதற்காகத்தான் நானே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். கிளிப்பை எடுத்தது நான். மணி அடிக்காது என்று தெரிந்தே உட்கார்ந்திருந்ததும் நான். ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள் சார், எனக்கு வேறு வழியே இருக்கவில்லை. இனி எந்த ஊரிலும் அந்த நிரல் இப்படி விழாது.

திருத்தத்தை அன்று சாயங்காலமே எழுதி முடித்தேன். அதைச் சோதிக்க நோயாளிகளைத் தொந்தரவு பண்ண மனம் வரவில்லை. இரண்டு கிளிப்புகளை என் விரல்களிலேயே மாட்டிக்கொண்டேன். எச்சரிக்கை அளவைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் நல்லா இருக்கிறவனுக்கும் மணி அடிக்கும். ஒரு கிளிப்பைக் கழற்றினேன். மணி அழகாக அடித்தது.