நான்காவது போர்ட்

வீட்டிலேயே ரௌட்டர் கட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் கேபிள் செருகும் போர்ட்டுகளில்தான் கஞ்சத்தனம் செய்வார்கள், ஐயா. பிறகு அவதிப்படுவார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட சின்னக் கணினி, அதில் நான்கு போர்ட் உள்ள அட்டை ஒன்று. எந்தப் போர்ட் வழியாக எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்பதை நான் மட்டுமே தீர்மானிக்கலாம்.

அட்டையை தேவா நகரத்தில் பழைய கணினிச் சாமான் விற்கும் டிபேரியுவிடம் வாங்கினேன். அவனுக்குச் சிரிப்பு.

“ரெண்டு போதாதா அண்ணே? ஒண்ணு வெளிய, ஒண்ணு வீட்டுக்கு. நாலு வச்சு யாரைக் காவல் காக்கப் போறீங்க?”

“பொண்டாட்டியத்தான்,” என்றேன்.

இன்னும் பலமாகச் சிரித்தான். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

முதல் போர்ட் வெளியுலகத்துக்கு. இரண்டாவது என் மேசைக்கு. மூன்றாவது சமையலறைக் கேமராவுக்கு. நான்காவது என் மனைவி ஸ்மரந்தாவுக்கு. அவளுடைய கைபேசி, வீட்டுத் தொலைபேசி இரண்டும் அதில்தான். எங்கள் வீடு இருக்கும் மலைக்குக் கைபேசிக் கோபுரம் எட்டாது. யாரோடு பேசுவதென்றாலும் என் ரௌட்டர் பெட்டி வழியாகத்தான் பேச வேண்டும்.

ஈஸ்டருக்கு இத்தாலிக்கே வந்துவிடுவதாக அவள் அங்கிருக்கும் தன் அக்கா இலியானாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. திரும்பி வருவதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனாலும் நான் கை நீட்டவில்லை, கதவைப் பூட்டவில்லை. அதெல்லாம் குடிகாரர்கள் செய்வது. அக்காவின் அழைப்பு வந்தால் நான்காவது போர்ட்டைக் கொஞ்சம் இறுக்குவேன், அவ்வளவுதான். குரல் திக்கும், அறுந்துபோகும்.

“அக்காகிட்ட ரெண்டு வார்த்தை முழுசா பேச முடியல, ஒக்தாவ். நான் வேணும்னே கட் பண்றேன்னு நெனைக்கிறா.”

“மலையில லைன் அப்படித்தான். பனி விட்டா சரியாயிடும்.”

“நீதான் இதெல்லாம் கரைச்சுக் குடிச்சவனாச்சே. கொஞ்சம் பாரேன்.”

பார்த்தேன். இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். ஒரு கட்டத்தில் இலியானா கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். ஸ்மரந்தா ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். இனி அவளுக்கு என்னை விட்டால் யாருமில்லை என்பதில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அதற்குப் பிறகு வெளியே போகும் அழைப்புகளையும் அடைத்துவிட்டேன்.

பிப்ரவரியில் ஒருநாள் மதியம் கீழே பிராத் ஊருக்கு வந்திருந்தேன். உணவகத்தில் குடல் சூப் வந்தது. பூண்டைப் போட்டுக் கலக்கியபடி, வழக்கம்போல் கைபேசியில் வீட்டைப் பார்த்தேன்.

ஸ்மரந்தா சமையலறைக்குள் தவழ்ந்து வந்துகொண்டிருந்தாள். விறகு பிளக்கும்போது கோடாலி நழுவித் தொடையில் இறங்கியிருக்கிறது. தரையெல்லாம் ரத்தம். எப்படியோ தொலைபேசியை எட்டிப் பிடித்தாள். யாரைக் கூப்பிடுகிறாள் என்பது என் திரையில் தெரிந்தது. ஆம்புலன்ஸ்; போகவில்லை. சரிவுக்கு அந்தப்பக்கத்து வீட்டு ஸம்ஃபிரா, போகவில்லை. அக்கா. மறுபடி ஆம்புலன்ஸ். என் பெட்டி பிசகே இல்லாமல் வேலை செய்தது. கட்டியவனுக்கு அதில் பெருமை இருக்காதா?

விரலால் திரையை ஒருமுறை தொட்டிருந்தால் போர்ட் திறந்திருக்கும். ஆம்புலன்ஸ் நிலையமும் நான் உட்கார்ந்திருந்த தெருவில்தான் இருக்கிறது. நான் தொடவில்லை. அவள் அசைவது நின்ற பிறகும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சூப் ஆறிப்போயிருந்தது, வேறு கொண்டுவரச் சொன்னேன்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். நான்காவது போர்ட்டிலிருந்து ஒரே ஒரு எண்ணுக்கு மட்டும் நான் கடைசிவரை வழி விட்டு வைத்திருந்தேன். என்னுடைய எண்ணுக்கு. ஊரில் உள்ளவர்களையெல்லாம் கூப்பிட்டவள், கட்டிய கணவனை ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கவில்லை, ஐயா. கூப்பிட்டிருந்தால் உடனே திறந்திருப்பேன்.